கணவாய் தாண்டாத நீலப் பறவை

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான். மலை ஏற வேண்டியதில்லை. வலது பக்கம் எட்ட நீலகிரி, இடது பக்கம் எட்ட ஆனைமலை, நடுவில் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் தென்னந்தோப்பும் வயலுமாகத் தாழ்ந்த நிலம். தென்மேற்குப் பருவக்காற்று கோவைக்குள் நுழைவதும் இந்த வழியாகத்தான். லாரி, பேருந்து, வியாபாரம், கல்யாணச் சம்பந்தம் எல்லாம் காலங்காலமாகப் போய்வரும் இதே பாலக்காட்டுக் கணவாயை நீலகிரிச் சோலைகளில் வாழும் ஒரு சின்னப் பறவை பல இலட்சம் ஆண்டுகளாகத் தாண்டவில்லை. எதிர்ப்பக்கம் ஆனைமலையில் இருக்கும் அதன் உறவுக்காரப் பறவையும் இந்தப் பக்கம் வரவில்லை. இரண்டும் வெவ்வேறு இனங்களாகவே ஆகிவிட்டன.

அந்தப் பறவைதான் சோலைக்கிளி. பெயரில் கிளி இருந்தாலும் கிளிக் குடும்பம் அல்ல, ஈப்பிடிப்பான்களின் குடும்பம். ஊர்க்குருவி அளவுதான் இருக்கும், 14, 15 சென்டிமீட்டர். கணவாய்க்கு வடக்கே நீலகிரி, வயநாடு, பிரம்மகிரி, பாபாபுதன் மலைகளில் இருப்பது நீலகிரிச் சோலைக்கிளி. முதுகும் நெஞ்சும் கருநீலம், வயிற்றின் நடுப்பகுதி வெள்ளை, இரண்டு விலாவிலும் செங்காவி நிறம். தெற்கே ஆனைமலை, பழனிமலை, மூணாறு மலைகளில் இருப்பது வெள்ளைவயிற்றுச் சோலைக்கிளி. அதற்குக் காவி நிறம் கிடையாது, விலாவும் நீலம்தான். கண்ணுக்கு மேலே நெற்றியோரத்தில் ஒரு வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும். இந்த மலைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இவை கிடையாது.

புகைப்படங்களில் பார்த்தவர்கள் நேரில் பார்த்ததும் கொஞ்சம் திகைப்பார்கள். படத்தில் அந்த நீலம் அப்படி ஒளிரும். சோலைக்குள் அது கிட்டத்தட்டக் கறுப்பு. பறவை இறகின் நீலத்துக்குச் சாயம் என்று எதுவும் இல்லை. இறகுக்குள் இருக்கும் நுண்ணிய கட்டமைப்பில் வெளிச்சம் பட்டுச் சிதறும்போதுதான் நமக்கு நீலமாகத் தெரிகிறது. வெளிச்சமே உள்ளே இறங்காத இடத்தில் அந்த நீலம் அடங்கிவிடும். முதலில் கண்ணில் படுவது வெள்ளை வயிறுதான். இலைச்சருகுக்கு மேலே ஒரு வெள்ளைப் புள்ளி தத்தித் தத்திப் போகும், நிற்கும், திரும்பும். பிறகுதான் நீண்ட காலும் நிமிர்ந்த உடம்பும் குட்டை வாலும் கண்ணுக்குப் பிடிபடும்.

இந்த உடம்பை உற்றுப் பார்த்தால் கணவாய்க் கதை பாதி புரிந்துவிடும். கால் நீளம், சிறகு குட்டை. தரையில் தத்திப் போய்ச் சருகைப் புரட்டிப் புழுவும் பூச்சியும் பொறுக்கவும், விழுந்து கிடக்கும் கிளையில் ஏறி உட்காரவும், ஆபத்து என்றால் பக்கத்துப் புதருக்குள் பாயவும் ஏற்ற உடம்பு. வெட்டவெளியில் பத்து கிலோமீட்டர் பறக்கவேண்டிய தேவை அதற்கு வந்ததே இல்லை. ஏப்ரலில் வெயில் 38, 39 டிகிரி அடிக்கும் கணவாய்ச் சமவெளியில் அதற்கு நிழலும் இல்லை, ஈரமும் இல்லை, இரையும் இல்லை.

அது வாழும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சோலை என்ற சொல்லை நாம் எல்லாத் தோப்புக்கும் பயன்படுத்துகிறோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளில், பெரும்பாலும் 1,400 மீட்டருக்கு மேல், அது ஒரு தனிவகைக் காட்டைக் குறிக்கும். மலை மடிப்புகளிலும் ஓடையோரங்களிலும் மட்டும் திட்டுத்திட்டாக நிற்கும் குட்டையான பசுமைமாறாக் காடு. நாவல் இனத்து மரங்கள், லவங்க இனத்து மரங்கள், மலைச்செண்பகம் எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். தண்டெல்லாம் பாசி, பாசிமேல் ஆர்க்கிட். கீழே குறிஞ்சிச் செடிகளின் இனத்தைச் சேர்ந்த புதர்களும் பெரணிகளும் இடுப்பளவுக்கு. தரையில் பாதம் அமுங்கும் அளவுக்கு மக்கிய இலை. இந்தத் திட்டிலிருந்து வெளியே கால் வைத்தால் சட்டென்று புல்வெளி, நடுவில் இடைநிலை என்று ஒன்றும் கிடையாது. குளிர்கால இரவுகளில் திறந்த புல்வெளியில் உறைபனி விழுந்து மரக்கன்றுகளைக் கருக்கிவிடும். மரங்கள் மேலே ஏறாமல் மடிப்புக்குள்ளேயே நிற்பதற்கு உறைபனியும் காற்றும் தீயும் எல்லாம் காரணம்.

வெள்ளைக்காரர்கள் காலத்திலிருந்து இந்தப் புல்வெளிகளை, காட்டை வெட்டியதால் வந்த தரிசு என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். அது உண்மையல்ல. நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் கரிமண்ணை எடுத்து ஆராய்ந்து, ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் அங்கே புல்வெளி இருந்திருக்கிறது. குளிரும் வறட்சியும் கூடிய காலங்களில் புல் விரிந்திருக்கிறது, மழையும் ஈரமும் கூடியபோது சோலை விரிந்திருக்கிறது. மனிதன் கோடரி எடுப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்த மாறிமாறி வரும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. சோலைக்கிளி இந்த ஆட்டத்துக்குள்ளேதான் உருவானது. சோலைத்திட்டுகளுக்கு நடுவே புல் இருப்பது அதற்குப் புதிதல்ல.

அறிவியல் உலகத்துக்கு இந்தப் பறவை அறிமுகமானது 1840களில். மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன் நீலகிரிப் பறவையை விவரித்தார். பழனிமலையின் வெள்ளைவயிற்றுப் பறவையை 1868இல் பிளான்ஃபோர்டு விவரித்தார். அதிலிருந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு இதை எந்தக் குடும்பத்தில் வைப்பது என்றே யாருக்கும் தெளிவில்லை. ஒரு காலத்தில் செவ்வால் பறவைகளோடு சேர்த்தார்கள். பிறகு குட்டைச்சிறகன்கள் என்றார்கள். 2005வாக்கில் பறவையியலாளர் பமீலா ராஸ்முசன் நீலக்குருவிகளின் பேரினத்துக்கு (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்புக்கு) மாற்றி, இரண்டையும் தனித்தனி இனமாகப் பிரித்தார். அதற்கு முன்பு வெகுகாலம் இவை இரண்டும் ஒரே இனத்தின் இரு வடிவங்கள் என்றுதான் நூல்களில் இருந்தன. தோற்றத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் யாருக்குமே குழப்பம்தான் வரும். தரையில் வாழும், கால் நீண்ட, சிறகு குட்டையான நீலப் பறவைகள் இமயமலையிலும் தென்கிழக்காசியாவிலும் பல கிளைகளில் உண்டு. ஒரே மாதிரி வாழ்க்கை ஒரே மாதிரி உடம்பைக் கொடுத்துவிடுகிறது.

குழப்பத்தைத் தீர்த்தது பறவையின் இரத்தம். வி.வி. ராபின், சி.கே. விஷ்ணுதாஸ், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி உள்ளிட்ட குழு பல ஆண்டுகள் மலை மலையாக ஏறி வேலை செய்தது. முறை எளிதாகத்தான் தெரியும். சோலைக்குள் விடியலில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய வலையைக் கட்டுவார்கள். அதில் விழும் பறவையை உடனே எடுத்து, சிறகையும் காலையும் அளந்து, காலில் வளையம் மாட்டி, சிறகின் அடிப்பக்க நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்து, விட்டுவிடுவார்கள். செய்யத் தொடங்கினால் அவ்வளவு எளிதல்ல. மழையிலும் குளிரிலும் பறவையைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதற்கு ஆபத்து. வலையை விட்டு அகலவும் முடியாது. சோலைக்கிளியில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால், எது ஆண் எது பெண் என்பதைக்கூட இந்த இரத்தத்துளியை வைத்துத்தான் உறுதிசெய்ய முடிந்தது.

2017இல் அந்த முடிவு வெளியானபோது பறவை ஆர்வலர்களிடையே பெரிய பரபரப்பு. சோலைக்கிளிகள் குட்டைச்சிறகன்களும் அல்ல, நீலக்குருவிகளும் அல்ல. மரக்கிளையில் உட்கார்ந்து ஈ பிடிக்கும் நீல ஈப்பிடிப்பான்களுக்குத்தான் அவை நெருங்கிய சொந்தம். அந்தச் சொந்தமும் மிகப் பழையது. தனியாகப் பிரிந்துவந்து இந்த மலைகளிலேயே கிளைத்த ஒரு பரம்பரை. அதனால் அவற்றுக்கென்றே ஒரு புதுப் பேரினம் உருவாக்கி, சோலை என்ற நம் சொல்லையே அதில் வைத்து ‘ஷோலிகோலா’ என்று பெயரிட்டார்கள். இதே சோலைகளில் கூட்டமாகச் சத்தம்போட்டுத் திரியும் சிரிப்பான்களுக்கும் அதே கட்டுரையில் தனிப் பேரினம் கிடைத்தது. இந்தியாவில் மட்டுமே வாழும் பறவைகளுக்கு இரண்டு புதுப் பேரினங்கள் ஒரே நேரத்தில். நூறு, நூற்றைம்பது ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்த பறவைகளில் இப்படி ஒரு செய்தி வரும் என்று எதிர்பார்த்தவர்கள் குறைவு.

இதற்குள் ஒரு பழைய வாதமும் அடங்கியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இமயமலைச் சாயலோடு இருக்கும் உயிர்கள் எப்படி இங்கே வந்தன என்பது பெரிய கேள்வி. மீன்களை ஆராய்ந்த சுந்தர்லால் ஹோரா, 1940களில், சாத்பூரா மலைத்தொடர் வழியாக வந்திருக்கும் என்றார். அது ஒரு காலத்தில் குளிர்ந்தும் ஈரமாகவும் இருந்திருக்கும், கிழக்கு இமயத்திலிருந்து மேற்குக் கரை மலைகள்வரை அது ஒரு பாலமாக இருந்திருக்கும் என்பது அவருடைய கருத்து. சிரிப்பான்களையும் இந்தக் கருத்துக்குச் சான்றாகப் பலர் காட்டினார்கள். இன்றைக்கு மரபணு சொல்வது சற்று வேறு. எந்த வழியாக முன்னோர்கள் வந்திருந்தாலும், வந்த பிறகு இங்கேயே தனிக்குடித்தனம் நடத்தி, பிள்ளை பெற்று, பேரப்பிள்ளை பெற்று, புது வம்சங்களே ஆகிவிட்டார்கள். இமயமலைப் பறவையின் எச்சம் என்று அவற்றைப் பார்ப்பது அவற்றின் பெருமையைக் குறைத்துப் பார்ப்பதுதான்.

அந்த வம்சம் எங்கெங்கே கிளை பிரிந்தது என்று பார்த்தால் வரைபடத்தில் இருக்கும் பள்ளங்கள் அப்படியே வந்து நிற்கின்றன. ஆழமான பிளவு பாலக்காட்டுக் கணவாயில். அதற்குத் தெற்கே, செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே இருக்கும் செங்கோட்டைக் கணவாயில் இன்னொரு பிளவு. இது பாலக்காட்டைப் போலப் பரந்ததல்ல, சில கிலோமீட்டர்தான். ஆனாலும் அகத்தியமலைப் பக்கத்துச் சோலைக்கிளி, ஆனைமலைப் பக்கத்துச் சோலைக்கிளியிடமிருந்து பிரிந்தே இருக்கிறது. 2017 கட்டுரை அதைத் தனி இனமாகவே விவரித்தது. எல்லாப் பறவைப் பட்டியல்களும் இதை ஏற்கவில்லை. சில பட்டியல்களில் அது வெள்ளைவயிற்றுச் சோலைக்கிளியின் துணையினமாகத்தான் இருக்கிறது. எனக்கு இந்தப் பட்டியல் தகராறில் பெரிய அக்கறை இல்லை. அகத்தியமலையில் இருக்கும் பறவை தனியாக வாழ்ந்து தனியாக வளர்ந்திருக்கிறது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அங்கே அது அழிந்தால் கொடைக்கானலிலிருந்து கொண்டுபோய் விட்டு ஈடுகட்ட முடியாது என்பதுதான் நமக்கு முக்கியம்.

எல்லாச் சோலைப் பறவைகளுக்கும் இந்தக் கணவாய்கள் தடை என்று நினைத்துவிடக் கூடாது. இதே குழு 23 மலைப்பறவை இனங்களை எடுத்துப் பார்த்து 2015இல் எழுதியது. அகலமும் ஆழமும் கூடிய பாலக்காட்டுக் கணவாய்தான் அதிக இனங்களைப் பிரித்திருக்கிறது. குறுகிய பள்ளங்கள் பிரித்தவை அவற்றில் ஒரு பகுதிதான். பல இனங்கள் எந்தப் பள்ளத்தாலும் பிரியவே இல்லை. ஆக, மலை ஒன்றுதான், காடு ஒன்றுதான், தடையும் ஒன்றுதான். தடையை எப்படி எதிர்கொள்வது என்பது அந்தந்தப் பறவையின் உடம்பையும் பழக்கத்தையும் பொறுத்தது. சோலைக்கிளி எந்தப் பள்ளத்திலும் சிக்கிக்கொள்ளும் வகை.

இனி அதன் பாட்டு. மார்ச்சில் தொடங்கி மழை பிடிக்கும்வரை, குறிப்பாக ஏப்ரல், மே மாதங்களில், விடியலுக்குச் சற்று முன்பும் மாலை மங்கும் நேரத்திலும் பாடும். தாழ்ந்த கிளையிலோ விழுந்த மரத்திலோ உட்கார்ந்து, உயர்ந்த சுருதியில் சீழ்க்கைகளைக் கோத்துக்கோத்து நீளமாகப் பாடிக்கொண்டே போகும். நடுநடுவே கரகரப்பான ஒலிகளும் வரும். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பறவை அல்ல. சோலைக்குள் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. அங்கே நிறத்தைக் காட்டிப் பயனில்லை, குரலைத்தான் காட்ட முடியும். இது என் இடம் என்று பக்கத்துப் பறவைக்கும், இங்கே இருக்கிறேன் என்று துணைக்கும் சொல்ல அதற்கு இருக்கும் வழி இந்தப் பாட்டு.

பாடும் பறவைகள் பாட்டைப் பிறப்பிலேயே முழுதாகக் கொண்டுவருவதில்லை. குஞ்சாக இருக்கும்போது சுற்றியிருக்கும் பெரிய பறவைகளைக் கேட்டுக் கற்றுக்கொள்கின்றன. அதனால் ஒரு மலையில் பாட்டு ஒரு பக்கம் சாயும், இன்னொரு மலையில் வேறு பக்கம். கோவைத் தமிழும் நெல்லைத் தமிழும் பிரிந்ததுபோலத்தான். ராபினும் உடன் ஆய்வாளர்களும் வெவ்வேறு மலைகளில் சோலைக்கிளிப் பாட்டைப் பதிவுசெய்து ஒப்பிட்டபோது, கணவாய்களுக்கு இருபுறமும் பாட்டு மாறியிருப்பது தெரிந்தது. பல இலட்சம் ஆண்டுகள் பிரிந்திருந்தால் மாறத்தான் செய்யும் என்று சொல்லிவிடலாம். ஆனால் அண்மைக்காலத்தில் மனிதர்கள் காட்டை வெட்டியதால் துண்டான சோலைகளுக்கு நடுவிலும் பாட்டில் வேறுபாடு தென்பட்டிருக்கிறது. மரபணு மாறத் தலைமுறை தலைமுறையாகக் காலம் வேண்டும். பாட்டு சீக்கிரம் மாறிவிடும். கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்கள் எண்ணிக்கை குறைந்தால், பக்கத்துச் சோலையிலிருந்து புதுப் பறவை வந்து சேராவிட்டால், அந்தச் சோலையின் பாட்டு தன்பாட்டுக்கு ஒரு திசையில் போய்விடும். என்னைப் பொறுத்தவரை இந்தப் பறவையைப் பற்றித் தெரிந்ததிலேயே மிகவும் கலங்கவைக்கும் செய்தி இதுதான். காடு துண்டானதை நாம் வரைபடத்தில் பார்க்கிறோம். பறவை அதைத் தன் குரலில் வாங்கிக்கொண்டிருக்கிறது.

கூடு வைப்பதும் இதே மாதங்களில். மரப்பொந்திலோ, மண்மேட்டின் குழிவிலோ, தரையிலிருந்து கைக்கெட்டும் உயரத்தில் பாசியையும் மெல்லிய வேரையும் வைத்துக் கிண்ணம் மாதிரி கட்டும். பெரும்பாலும் இரண்டு முட்டை. சமவெளிப் பறவைகளில் நான்கு, ஐந்து முட்டைகள் சாதாரணம். இரண்டோடு நிறுத்திக்கொள்ளும் பறவை, பழைய மரத்தில் விழுந்த பொந்தையும் கலையாத தரையையும் நம்பி வாழ்கிறது. குஞ்சுகள் நீலமாக இருக்காது. பழுப்பில் புள்ளிபுள்ளியாக இருக்கும், ஈப்பிடிப்பான் குடும்பத்தின் குஞ்சுகளைப் போல. முழு உருவத்தில் மறைந்திருந்த சொந்தம் குஞ்சுப் பருவத்தில் வெளியே தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

இப்போது ஆபத்துக்கு வருவோம். சோலைக்கிளியை யாரும் வேட்டையாடுவதில்லை, கூண்டில் அடைத்து விற்பதும் இல்லை. அதற்கு வந்த இழப்பு முழுவதும் நிலத்தின் வழியாக வந்தது. முதலில் தேயிலையும் காப்பியும். 19ஆம் நூற்றாண்டில் நீலகிரி, மூணாறு, வால்பாறைச் சரிவுகளில் காடு எந்த அளவுக்குப் போயிற்று என்று இன்று அங்கே போகிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண்ணுக்கெட்டியவரை பச்சைப் படிக்கட்டு. அது அழகாக இருக்கலாம், சோலைக்கிளிக்கு அது பாலக்காட்டுக் கணவாய்தான். இடுப்பளவுக்குச் சீராக வெட்டிய புதர், கீழே சருகு இல்லை, மேலே கூரை இல்லை. அப்புறம் அணைகள். குந்தா நீர்மின் திட்டத்தில் அவலாஞ்சி, அப்பர் பவானி என்று பள்ளத்தாக்குகளில் தண்ணீர் தேங்கியது. சோலைகள் நிற்பதே பள்ளத்தாக்குகளில்தான்.

மூன்றாவது வந்த மாற்றம்தான் இன்றும் பேசித் தீராதது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1840களில் வந்த தைல மரமும் சீகை (வாட்டில்) மரமும், பிறகு வந்த பைனும். முதலில் விறகுக்கு, பிறகு சுதந்திரத்துக்குப் பின் தோல் பதனிடும் பட்டைக்கும் ரேயான் கூழுக்கும் என்று வனத்துறையே பெரிய அளவில் புல்வெளிகளில் நட்டது. சும்மா கிடக்கும் தரிசை மரமாக்குகிறோம் என்ற நல்ல எண்ணத்தில்தான் பலரும் செய்தார்கள். பழனிமலையில் 1973க்கும் 2014க்கும் இடையில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு 2018இல் காட்டியது. பெரும்பகுதி மரத்தோட்டமாகவும் விவசாய நிலமாகவும் மாறியிருந்தது. நடுவதை நிறுத்திய பிறகும் சீகை நிற்கவில்லை. அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும், தீ பட்டால் இன்னும் வேகமாக முளைக்கும்.

புல்வெளி போனால் சோலைக்கிளிக்கு என்ன, அது சோலைக்குள் வாழும் பறவைதானே என்று தோன்றும். இங்கே விஷயம் சிக்கலாகிறது. இளம் சீகைத் தோட்டத்துக்குள் போய்ப் பார்த்தால் நெருக்கமாக ஒல்லி ஒல்லியாக மரங்கள், கீழே காய்ந்த சுள்ளி, புதர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பைன் தோட்டத்தில் ஊசியிலை மெத்தைதான், அதற்குள் எதுவும் முளைப்பதில்லை. வானத்திலிருந்து பார்த்தால் இரண்டும் காடு. சோலைக்கிளிக்கு வேண்டிய ஈரமும் இருட்டும் புழுவும் அங்கே இல்லை. பழனியிலும் ஆனைமலையிலும் வெள்ளைவயிற்றுச் சோலைக்கிளியையும் சிரிப்பானையும் சேர்த்து மரபணு ஆராய்ந்தபோது, மனிதர்களால் துண்டான சோலைகளின் விளைவு சோலைக்கிளியிடம் கூடுதலாகப் பதிந்திருந்தது. சிரிப்பான் வேலியோரம் வரும், கொடைக்கானலில் வீட்டுத் தோட்டத்துக்கே வந்து பழம் தின்னும். கூட்டமாகத் திரிவதால் கொஞ்சம் வெட்டவெளியையும் சமாளிக்கும். சோலைக்கிளி சமாளிப்பதில்லை. இரண்டும் ஒரே சோலையில் வாழ்ந்தாலும் ஒன்றுக்குப் பாதையாக இருப்பது இன்னொன்றுக்குச் சுவர்.

சரி, அந்நிய மரங்களையெல்லாம் வெட்டிவிட்டால் தீர்ந்ததா? சென்னை உயர்நீதிமன்றம் இதில் பலமுறை உத்தரவிட்டிருக்கிறது. தமிழ்நாடு அரசும் 2022இல் அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. நோக்கம் சரியானதுதான். நீலகிரி நெட்டைக்காலி போன்ற புல்வெளிப் பறவைகளுக்கும், வரையாட்டுக்கும், பல ஆறுகளின் தலைக்கும் புல்வெளி திரும்பி வந்தாக வேண்டும். ஆனால் பழைய சீகைத் தோட்டங்கள் சிலவற்றில் வேறொன்று நடந்துகொண்டிருக்கிறது. சோலையை ஒட்டி, நாற்பது ஐம்பது ஆண்டுகளாக வெட்டாமல் விட்ட இடங்களில், சீகை நிழலுக்குக் கீழே சோலை மரக்கன்றுகள் தானாக முளைத்து வளர்ந்திருக்கின்றன. உறைபனி படாத நிழல் கிடைத்ததும், பறவைகளும் விலங்குகளும் எச்சத்தில் கொண்டுவந்து போட்ட விதைகள் பிழைத்துக்கொள்கின்றன. பழனிமலையில் இதை நேரில் பார்க்கலாம். மேலே சீகை, கீழே நாவலும் லவங்கமும் தோளுயரத்துக்கு. அங்கே எந்திரத்தைக் கொண்டுவந்து ஒட்டுமொத்தமாக வழித்துவிட்டால், திரும்பி வருவது புல்லும் அல்ல, சோலையும் அல்ல. மண்ணில் கிடக்கும் சீகை விதை மொத்தமும் ஒரே மழையில் முளைத்து, முன்பைவிட நெருக்கமாக வந்து நிற்கும்.

ஆகவே இடத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. புல்வெளிக்குள் புதிதாகப் பரவும் இளம் சீகையை, வேரோடு பிடுங்க முடிகிற பருவத்திலேயே அகற்ற வேண்டும். அதுவே செலவு குறைவானதும் பலன் நிச்சயமானதுமான வேலை. சோலையோரத்துப் பழைய தோட்டங்களில், கீழே சோலைக்கன்று வளர்ந்திருந்தால், அவசரப்படாமல் விட வேண்டும். மேல்மரங்கள் வயதாகி விழும்போது கீழே இருப்பது மேலே வந்துவிடும். இரண்டு சோலைத்துண்டுகளுக்கு நடுவில் இப்படி ஒரு தோட்டம் இருந்தால், சோலைக்கிளிக்கு அது வெறும் தோட்டம் அல்ல, போய்வரும் வழி. கோத்தகிரியின் லாங்வுட் சோலை 116 ஹெக்டேர்தான். சுற்றிலும் தேயிலையும் ஊருமாக இருக்கும் அந்தச் சோலையை உள்ளூர்க்காரர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 2024இல் அதற்கு உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் தகுதியும் கிடைத்தது. நீலகிரிச் சோலைக்கிளி அங்கே இருக்கிறது. ஆனால் அங்கே பிறக்கும் குஞ்சு வளர்ந்ததும் எங்கே போகும், வெளியிலிருந்து அங்கே எது வந்து சேரும் என்ற கேள்வி அந்த வேலிக்கு வெளியே இருக்கும் நிலத்தைப் பொறுத்தது. வேலிக்குள் எவ்வளவு நன்றாகக் காத்தாலும் அதற்குப் பதில் கிடைக்காது.

வெப்பம் கூடுவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சமவெளிப் பறவை ஒன்றுக்குச் சூடு தாங்கவில்லை என்றால் மலைமேல் ஏறலாம். தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர். சோலைக்கிளி ஏற்கெனவே அதற்கு அருகில்தான் வாழ்கிறது. அதற்கு மேலே ஏற மலை இல்லை. உறைபனி குறைந்தால் சோலை மரங்கள் புல்வெளிக்குள் பரவ வாய்ப்புக் கூடும் என்பது ஒரு பக்கம். அந்த இடத்தைச் சீகை முதலில் பிடித்துக்கொள்ளும் என்பது இன்னொரு பக்கம். எது முந்தும் என்பதை இப்போது நாம் சீகையை என்ன செய்கிறோம் என்பதுதான் தீர்மானிக்கும்.

பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊட்டியில் கெய்ர்ன்ஹில், தொட்டபெட்டாப் பக்கம், கொடைக்கானலில் பாம்பே சோலை என்று பறவை ஆர்வலர்களுக்குத் தெரிந்த இடங்கள் இருக்கின்றன. அங்கே கைப்பேசியில் சோலைக்கிளிப் பாட்டை ஓடவிட்டு, பறவை வெளியே வந்ததும் படம் எடுப்பது இப்போது பரவலாகிவிட்டது. ஏப்ரல், மே மாதங்களில் அந்தப் பாட்டு கேட்டால் அது எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, கூட்டை விட்டு ஓடிவரும். வருகிற ஒவ்வொருவரும் ஓடவிட்டால் ஒரு நாளில் எத்தனை முறை ஓடிவரும் என்று யோசியுங்கள். விடியலில் பாதையோரமாக அசையாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே போதும். அது தரையில் இரை தேடி வரும் பறவை, வழக்கமாக வரும் பாதைக்குத் தானாகவே வந்து நிற்கும்.